ஈராசிரியர் பள்ளிக்கு 65 அங்குலத் தொடுதிரை வருகிறது: அறையில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

கொன்றைப்பூ · ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 41 பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் உதவி ஆசிரியரிடம். இங்கே படித்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் காசு சேர்த்து ஒரு 65 அங்குலத் தொடுதிரை வாங்கித் தருகிறார்கள். மூன்று வாரத்தில் வந்துவிடும்.

விற்பவரிடம் பேசினேன். "நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம் மேடம், எங்க ஆளுங்க வந்து அரை மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திரை மாட்டப்போகிற என் அறை 20க்கு 20 அடி, கான்கிரீட் கூரை. மேற்கே இரண்டு பெரிய சன்னல். கிழக்குச் சுவரின் வடகோடியில் வாசல், வெளியே தாழ்வாரம். தெற்குச் சுவரின் நடுவில் 8 அடிக் கரும்பலகை. சுற்றிலும் செயல்வழிக் கற்றல் (அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே படிக்கிற முறை) காலத்தில், பிள்ளைகளே எழுதுவதற்காகத் தாழ்வாக அடித்த கீழ்மட்டக் கரும்பலகை. பிள்ளைகள் பாய் விரித்துத் தரையில்தான் உட்காருவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக், அதுவும் இரண்டு துளை.

எங்கே மாட்டுவது, எந்த உயரத்தில், கரண்டுக்கு என்ன செய்வது? ஏற்கெனவே செய்து சூடுபட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

கணக்குவாத்தியார் · ஞாயிறு, இரவு 10.25

சூடுபட்டவன் வந்துவிட்டேன் டீச்சர்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் வந்த ஆட்கள் நேராகக் கரும்பலகைக்கு நட்ட நடுவில் நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று எல்லோரும் கைதட்டினோம். மறுவாரம் கணக்குப் போட இடம் இல்லை. இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி என்று கரும்பலகை பிளந்து கிடந்தது. நீள் வகுத்தலை இரண்டடியில் போட்டுப் பாருங்கள், தெரியும். அதனால் முதல் வேண்டுகோள்: கரும்பலகையைத் தொடவிடாதீர்கள். திரை அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

65 அங்குலத் திரை என்றால் அகலம் 144 செ.மீ., உயரம் 81 செ.மீ. சட்டத்தோடு சேர்த்து அகலம் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 20 அடிச் சுவரில் கரும்பலகை 8 அடி போக இரண்டு பக்கமும் ஆறாறு அடி மிச்சம். ஐந்தடித் திரை தாராளமாக உட்காரும்.

இப்போதே இரண்டு வேலை செய்யலாம், காசு செலவில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை எங்கேயாவது கிடைக்கும், அதை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் இருக்கட்டும். யார் தலை மறைக்கிறது, கதவு இடிக்கிறதா, கீழே நின்று எழுதுகிற பிள்ளைக்குத் தலையில் படுகிறதா என்பதெல்லாம் அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது கண்ணாடி. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியை அந்த அட்டையின் மேல் வலது மூலை, இடது மூலை, நடு என்று மாற்றி மாற்றி ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பிள்ளைகள் உட்காருகிற பாயில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பிரயோசனமில்லை, பாயில். காலை பத்து மணிக்கு ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை. கண்ணாடியில் சன்னல் தெரிந்தால் திரையிலும் சன்னல்தான் தெரியும், பாடம் தெரியாது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைசிப் பிள்ளை, திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும். 81ஐ ஆறால் பெருக்கினால் 4.86 மீட்டர், கிட்டத்தட்ட 16 அடி. பின்சுவரோரம் நாலடியைக் காலியாக விடுங்கள், பைகளை அங்கே வைக்கலாம்.

---

மூன்றுபேஸ் · திங்கள், காலை 5.50

நான் ஆசிரியர் இல்லை, எலக்ட்ரீஷியன். திண்டுக்கல் பக்கம் ஏழெட்டுப் பள்ளியில் இந்த வேலை பார்த்திருக்கிறேன். நான் போகிற பள்ளியில் பாதிக்கு மேல் திரை கெட்டுப்போயிருக்காது, எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற இணைப்பு, கெட்டுப்போயிருக்கும்.

இரண்டு துளை பிளக் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பாயின்ட்டுக்கு எர்த் வயரே வரவில்லை. மாட்ட வருகிறவர் மூன்று பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் சொருகிவிட்டு, திரை எரிகிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். எரியத்தான் செய்யும். பிள்ளை ஈரக் கையோடு சட்டத்தைத் தொடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

முதலில் ஒரு ஆளைக் கூப்பிட்டு மீட்டர் பலகையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே செய்யாதீர்கள் மேடம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட்டை ஒட்டி வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டர் பலகையிலிருந்து திரைக்கென்று தனி லைன் இழுங்கள். 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக அணைகிற சுவிட்ச்). கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும். இது காஸ்ட்லி என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற அறை. பிளக்கைத் திரைக்குப் பின்னால் மறைகிற உயரத்தில் வையுங்கள். கீழே வைத்தால் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் பென்சில் முனையைச் சொருகிப் பார்ப்பான். நானே சின்ன வயதில் பார்த்தவன்தான்.

கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டுகிற யு.பி.எஸ். பற்றியும் கேட்பீர்கள். திரை சுமார் 200 வாட் எடுக்கும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் மொத்தம் 1,800 வாட் மணி. அதில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம் ஓடும். ஆனால் ஃபேனையும் லைட்டையும் அதிலேயே கோர்த்துவிட்டால் வெகு சீக்கிரமே கீ, கீ என்று கத்தும். பேட்டரியை வகுப்புக்குள் வைக்காதீர்கள், உள்ளே ஆசிட் இருக்கிறது.

---

பழையசாக்பீஸ் · திங்கள், காலை 11.15

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். எதிர்ப்பாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம் அம்மா.

1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு பெட்டி நிறையக் கற்பித்தல் கருவிகள். பெட்டியில் உலக உருண்டை, காந்தம், லென்ஸ் எல்லாம் இருந்தன. எங்கள் தலைமையாசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் தெரியுமா? ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களே என்ற பயம். நான் மாற்றலாகிப் போகிற நாளில்தான் அந்த லென்ஸைக் கையில் தொட்டேன், பொருள்களை எண்ணி ஒப்படைக்கும்போது.

உங்கள் திரைக்கும் அதுதான் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அறையைத் தயார் செய்வதில் பதிவேடும் சேர்த்தி. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு வரவு. இவ்வளவும் எழுத்தில் இருந்தால்தான், உடைந்தால் என்ன ஆகுமோ என்ற நடுக்கம் இல்லாமல் பிள்ளைகளைத் தொட விடுவீர்கள். பயம் இருக்கிற கை பூட்டத்தான் தேடும்.

ஒரு கேள்வியும் உண்டு. ஒரே அறையில் மூன்று வகுப்பு. ஒன்று முதல் மூன்று வரைக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலை வாரியாக வேறு உட்கார வைக்கிறீர்கள். மொட்டுக்குத் திரையில் பாடம் ஓடும்போது அரும்பு எங்கே பார்க்கும்?

---

கொன்றைப்பூ · திங்கள், மாலை 6.30

அய்யா, நான் ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிற கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை.

---

கணக்குவாத்தியார் · திங்கள், இரவு 8.05

முழுப் பதில் யாரிடமும் இருக்காது டீச்சர். நான் ஒரு ஓராசிரியர் பள்ளியில் மாற்றுப்பணி பார்த்தபோது செய்ததைச் சொல்கிறேன்.

திரையைச் சுவரின் ஒரு கோடியில் மாட்டினால் அறையில் பாதிதான் அதற்குச் சொந்தம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் திரைக் குழு. அந்தப் பக்கம் மற்றவர்கள், முதுகைத் திரைக்குக் காட்டி எதிர்ச்சுவரின் கீழ்மட்டக் கரும்பலகையைப் பார்த்து. பெஞ்சு இருந்தால் இதைச் செய்யவே முடியாது. நீங்கள் பாய் என்று சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன்.

சத்தம்தான் வில்லன். படத்தை முதுகால் தடுக்கலாம், பாட்டைத் தடுக்க முடியாது. அதனால் ஒரு குழுவுக்கு மட்டும் என்றால் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் போட்டு நான் பேசினேன். எல்லோருக்கும் பொதுவான பாட்டு, கதை என்றால் மட்டும் ஒலி. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து.

---

மூணாப்பு_அப்பா · திங்கள், இரவு 9.40

நான் பெற்றோர். என் பையன் வேறொரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வந்தால் செல்போன், அது கிடைக்காவிட்டால் டிவி. பள்ளியிலாவது கரும்பலகை இருக்கிறதே என்று இருந்தேன். இப்போது அங்கேயும் திரை. இதில் படிப்பு எங்கே வருகிறது?

கோபமாகக் கேட்கவில்லை. மேலே அந்த சார் பத்து நிமிடம் என்று எழுதியதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். எங்கள் பள்ளியில் சனிக்கிழமை வேலை நாள் என்றால் முழுநாளும் படம் போட்டுவிடுகிறார்கள் என்று பையன் சொல்கிறான்.

அப்புறம் ஒன்று. எனக்கு நாற்றங்கால் தொழில். மேற்குச் சன்னலுக்குத் திரைச்சீலை போடுவதாக இருந்தால் வேண்டாம், காற்று போய்விடும். சன்னலுக்கு வெளிப்பக்கம் ஓரடி தள்ளிப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். 50 சதவீதம், 75 சதவீதம் என்று கிடைக்கும், 75 வாங்குங்கள். வெயில் நிற்கும், காற்று வரும். பழைய துண்டு இருந்தால் எந்த நாற்றங்காலிலும் சும்மாவே கொடுப்பார்கள்.

---

வன்னிமண் · செவ்வாய், காலை 7.00

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். நிழல்வலை நல்ல யோசனை, எங்களுக்கு அது தோன்றவில்லை. எங்கள் பாடசாலையில் புரொஜெக்டர் வந்தபோது அதிபர் (உங்கள் ஊரில் தலைமையாசிரியர்) கறுப்புத் துணியில் தடித்த திரைச்சீலை தைப்பித்தார். சித்திரை மாத வெயில். மூன்றாம் பாடவேளைக்குள் இரண்டு பிள்ளைகளுக்குத் தலைசுற்று. பிறகு திரைச்சீலையைத் திறந்துவிட்டோம், படம் தெரியவில்லை. புரொஜெக்டர் அலுமாரிக்குப் போய்விட்டது. ரீச்சருக்கு வருவது தொடுதிரை, அதற்கு அறையை இருட்டாக்க வேண்டியதில்லை. பிரதிபலிப்பை மட்டும் தடுத்தால் போதும்.

2022இல் இங்கே ஒரு நாளில் 13 மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்போது பழகியதொன்று உண்டு. திரையில் காட்டப்போகும் பாடத்தைக் கரும்பலகையிலும் நடத்தக்கூடிய மாதிரித்தான் குறிப்பு எழுதுவேன். படத்தில் முக்கியமான ஒரு காட்சியை மட்டும் அட்டையில் வரைந்து கையில் வைத்திருப்பேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அலுமாரியில் இருந்த புரொஜெக்டரை ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் காற்றுப் போகும் துவாரம் முழுக்கக் குளவி மண்கூடு. விடுமுறைக்கு மூடும்போது துணி உறை போட்டுவிடுங்கள். பாவிக்கும்போது உறையைக் கழற்ற மறக்க வேண்டாம், சூடேறிவிடும்.

---

மடிக்கணினி2011 · செவ்வாய், மதியம் 1.20

2011இல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் படித்து மேலே வந்தவன் நான், இப்போது ஐ.டி. வேலை. அறையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

டீச்சர், உங்களிடம் இருக்கிற பழைய வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? பாமினி, வானவில் என்றால் அவை புதுத் திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும். திரையின் உள்ளே ஆண்ட்ராய்டு இருக்கும், அதற்கு எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் தமிழ் மட்டும்தான் புரியும். வேறு எழுத்துருவில் அடித்த "அம்மா" அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். இரண்டு வழி. ஒன்று, என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஏதாவது ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரமில்லையென்றால், எழுத்துரு ஏற்கெனவே இருக்கிற கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள், படம் போல அப்படியே தெரியும். இனிமேல் அடிப்பதை மட்டுமாவது யூனிகோடில் அடியுங்கள்.

பென்டிரைவில் இன்னொரு சிக்கல். ஃபேட்32 என்ற வடிவத்தில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. சில திரைகள் என்.டி.எஃப்.எஸ். பென்டிரைவைத் திறக்கவே மாட்டா. பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வடிவம் ஒத்துப்போகும், திரை வந்த அன்றே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வீடியோவை வகுப்பில் நேரடியாக இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள். என் அக்காவும் ஆசிரியைதான். ஒரு தளத்திலிருந்து காக்கா பாட்டு போட்டிருக்கிறாள். நடுவில் ரம்மி விளம்பரம். இரண்டாம் வகுப்பு முழுவதும் அந்த விளம்பரத்தை ராகத்தோடு ஒரு வாரம் பாடியிருக்கிறது. 2018இல் வந்த புதுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறதே, அதை முந்தின நாள் வீட்டில் வைத்து ஸ்கேன் செய்து தீக்ஷா செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பாடக் காணொளிகள் இருக்கிற மணற்கேணி செயலியையும் பாருங்கள். 2024இல் ஆசிரியர்களுக்குக் கொடுத்த கையடக்கக் கணினி உங்களிடம் இருக்கும், அதிலேயே செய்யலாம்.

நான்கு, ஐந்துக்கு ஃபெட் என்ற தளத்தின் பாவனைப் பயிற்சிகள் (திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறவை) நன்றாக இருக்கும், பின்னத்துக்கு ஒன்று இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் ஆரம்பித்தது, இலவசம், சிலவற்றைத் தமிழிலேயே ஓட்டலாம். கணினியில் இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாம். இணையமே இல்லாத பள்ளிக்கு கொலிப்ரி என்று ஒரு மென்பொருள் உண்டு. ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுவிட்டால் அதுவே பள்ளிக்குள் ஒரு குட்டி சர்வர், அதில் இருக்கிற பாடங்களை மற்றக் கருவிகளில் திறக்கலாம்.

---

கொன்றைப்பூ · வெள்ளி, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றுபேஸ் அண்ணா, பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 38 வோல்ட். வெளியே போய்ப் பார்த்தால் எர்த் கம்பி சுவரோடு வந்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே அறுந்து காற்றில் ஆடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயலில் பக்கத்து வேப்பமரம் விழுந்ததே, அன்றைக்கு அறுந்ததாகத்தான் இருக்க வேண்டும். மரத்தை வெட்டி எடுத்தோம், கூரையைச் சரி செய்தோம். கம்பியை இத்தனை வருஷமாக யாரும் குனிந்து பார்க்கவில்லை, நானும்தான். தினமும் அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துகிறேன்.

கண்ணாடி சோதனையும் செய்தேன். கரும்பலகைக்கு மேற்கே, அதாவது சன்னல் பக்கம் மாட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் மூன்று மணிக்கு வடகிழக்கு மூலைப் பாயில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை. கிழக்குப் பக்கம் பிடித்தபோது சன்னல் எங்கேயும் விழவில்லை. பிளக் இருக்கிற கிழக்குச் சுவரிலேயே மாட்டினால் வயர் மிச்சம் என்றார் தம்பி. அங்கேயும் பிடித்துப் பார்த்தோம், இரண்டு சன்னலும் இரண்டு கண் மாதிரி நேராகத் தெரிந்தன. ஆக, தெற்குச் சுவர், கிழக்குக் கோடி. வயர் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அட்டையையும் ஒட்டிவிட்டேன். அடிப்பக்கம் தரையிலிருந்து மூன்றடி. அதில் கறுப்பு மார்க்கரால் எழுத்துகள் எழுதிக் கடைசி வரிசையிலிருந்து படிக்கச் சொன்னேன். இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் "ப", "ட" எல்லாம் படித்தார்கள். "கு"வும் "கூ"வும் ஒன்றாகிவிட்டன. "ழு", "ழூ" கேட்கவே வேண்டாம். ஐந்து சென்டிமீட்டருக்குப் போனபிறகுதான் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் அப்போதும் சொல்லவில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளை. கிட்டே கூப்பிட்டு அதே எழுத்தைக் காட்டினால் சட்டென்று படிக்கிறாள். இத்தனை நாள் எழுத்து தெரியாத பிள்ளை என்று அவளை அரும்பில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை அவள் அம்மாவோடு கண் மருத்துவமனைக்குப் போகிறோம்.

---

பழையசாக்பீஸ் · வெள்ளி, இரவு 9.20

திரை வருவதற்கு முன்பே ஒரு அட்டை இந்த வேலையைச் செய்துவிட்டதா. நல்லது அம்மா. மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

---

மூன்றுபேஸ் · சனி, காலை 6.10

38ஆ! நல்லவேளை, வருமுன் பார்த்தீர்கள்.

அறுந்ததை முறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கம்பி போய்ச் சேருகிற அந்த எர்த் குழி செத்திருக்கும். புதிதாக எட்டடி ஆழம், ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), உப்பும் கரியும் மாற்றி மாற்றி. ஒரு முக்கியமான விஷயம், கோடையில் வாரத்துக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், எத்தனை எம்.சி.பி. இருந்தாலும் சரி.

---

கணக்குவாத்தியார் · சனி, காலை 9.00

விட்டுப்போனவை. திரையின் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடும், அதை விரல் மறைப்பதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று திரை கண்டுபிடிக்கிறது. சாக்பீஸ் தூள் கீழ்ச் சட்டத்தில் படிந்தால் யாரும் தொடாமலே தானாகக் கோடு போடும். எங்கள் பள்ளியில் பேய் என்றே பேர் வைத்துவிட்டார்கள். உங்கள் திரைக்கு நேர் கீழே இருக்கிற கீழ்மட்டக் கரும்பலகைத் துண்டில் எழுத வேண்டாம், அங்கே படம் ஒட்டிவிடுங்கள். டஸ்டரை ஈரத்துணியாக மாற்றுங்கள்.

பில் யார் பேரில் வருகிறது என்று கேளுங்கள். எங்களுக்கு நன்கொடையாளர் பேரில் வந்தது. எட்டாம் மாதம் பழுதானபோது "பில்லில் இருப்பவர் பேசட்டும்" என்றார்கள். அவர் துபாயில். ஒன்றரை மாதம் போனது. பில்லில் பள்ளிப் பேரும் முகவரியும் இருக்கட்டும்.

சுவரையும் தட்டிப் பாருங்கள். 65 அங்குலம் என்றால் 40 கிலோவை ஒட்டி எடை. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, உதிர்ந்து வரும். அப்படியென்றால் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்க வேண்டும். சக்கர ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் தொங்குவார்கள்.

---

கொன்றைப்பூ · மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.15

மாட்டியாகிவிட்டது.

வந்த இரண்டு பையன்களும் நேராகக் கரும்பலகையிடம் போய் டேப்பை விரித்தார்கள். "தம்பி, அங்கே இல்லை, அட்டை ஒட்டியிருக்கிற இடத்தில்" என்றேன். ஒருவர் சிரித்தார். "எல்லா ஸ்கூல்லயும் நாங்க சொல்ற இடத்துல வைப்பாங்க மேடம்" என்றார். நாலு ஓட்டையும் முன்பே குறித்து வைத்திருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது, அவர்களுக்கும் சந்தோஷம். எர்த் குழி, தனி லைன், ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம், பாதி ஊர்க்காரர்கள், பாதி அந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள். பில் பள்ளிப் பேரில். யு.பி.எஸ். இப்போதைக்கு இல்லை.

முதல் நாள் மூன்று நிமிடம்கூடப் பாடம் நடக்கவில்லை. யாரும் தொட முன்வரவில்லை. மூன்றாம் வகுப்பில் பெரிய வாலு ஒருவன், கையை டவுசரில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, "ஷாக் அடிக்குமா டீச்சர்?" என்றான். அடிக்காது என்று இந்தத் தடவை தைரியமாகச் சொல்ல முடிந்தது. தொட்டான். ஒரு கோடு வந்தது. அப்புறம் அவனைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

சாக்பீஸ் கோடு திட்டம் பாதி வெற்றி. இரண்டாம் நாளே அரும்பு முழுக்கக் கழுத்தைத் திருப்பிவிட்டது. ஒலியை அணைத்தாலும் மற்றவர்கள் சிரித்தால் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா? இப்போது மொட்டுக்குத் திரை என்றால் அரும்பைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிப் புளியங்கொட்டை எண்ணச் சொல்கிறேன். வாசல் வழியாக எனக்குத் தெரிகிற மாதிரி. மழை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள்.

மூணாப்பு அப்பாவுக்கு: ஒரு நாளில் எல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேல் போடுவதில்லை. நிழல்வலை கட்டியாகிவிட்டது, எங்கள் சத்துணவு அமைப்பாளரின் தம்பி நாற்றங்காலில் கொடுத்தார். அறை கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது, பழகிவிட்டது.

அய்யா, அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வந்துவிட்டது. ஒரு கண்ணில் பவர் இன்னும் அதிகம். இப்போது மொட்டில் இருக்கிறாள்.

---

மடிக்கணினி2011 · சனி, மாலை 6.00

அருமை டீச்சர். வினாத்தாள்கள் என்ன ஆயின?

---

கொன்றைப்பூ · சனி, மாலை 6.40

பாமினியில் 60 கோப்பு இருந்தது தம்பி. பி.டி.எஃப். ஆக்கியது 22. மீதி அப்படியே கிடக்கிறது.

---

வன்னிமண் · சனி, இரவு 7.30

ரீச்சர், அந்த அட்டையை எறிந்துவிட்டீர்களா?

---

கொன்றைப்பூ · சனி, இரவு 8.10

எறிய விடவில்லை. இடைவேளையில் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்து டீச்சர் விளையாட்டு. கீழ் மூலையில் சிவப்பு ஸ்கெட்சில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள், அதை அழுத்தினால்தான் பாடம் ஆரம்பமாகும். நேற்று ஒருத்தி அழுத்தாமலே பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சண்டை.

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற முறையும் போட்டாகிவிட்டது. திங்களும் வியாழனும், ஐந்தாம் வகுப்பு.